ஈர்ப்புக் கணக்கில் விடையை முதலிலேயே ஊகிப்பது எப்படி

நிலவின் மேற்பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்பது தொடக்கநிலை இயற்பியலில் அடிக்கடி வரும் கேள்வி. 1.6 × 10⁶ மீட்டர்/விநாடி² என்று விடை எழுதிவிட்டு, கீழே இரண்டு கோடு போட்டு முடிக்கும் மாணவர்கள் உண்டு. சூத்திரம் சரி. பெருக்கலும் வகுத்தலும் சரி. நிலவின் ஆரத்தைக் கிலோமீட்டரிலேயே விட்டுவிட்டதால் விடை பத்து லட்சம் மடங்கு பிசகிவிட்டது. நிலவு பூமியைவிடச் சிறியது, அங்கே ஈர்ப்பு குறைவு என்பதெல்லாம் அந்த மாணவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததை விடைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஈர்ப்புப் பாடத்தில் சூத்திரங்கள் மிகக் குறைவு. நான்கைந்தை வைத்துக்கொண்டு முழுப் பாடத்தையும் தாண்டிவிடலாம். கஷ்டம் எண்களில் இருக்கிறது. ஒரு பக்கம் 10²⁴ கிலோகிராம், இன்னொரு பக்கம் 10⁻¹¹ என்று ஒரு மாறிலி. இவ்வளவு பெரிதும் இவ்வளவு சிறிதும் நம் அன்றாடப் பழக்கத்தில் இல்லாததால், வந்த விடை நியாயமா என்று மனசு எச்சரிப்பதே இல்லை. அந்த எச்சரிக்கை உணர்வை வளர்த்துக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை. கணக்கைத் தொடங்கும் முன் விடை ஏறக்குறைய எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடுங்கள், பிறகு போடுங்கள், இரண்டையும் ஒப்பிடுங்கள். இந்த ஒரு பழக்கம் நூறு கணக்குகளை மனப்பாடம் செய்வதைவிடப் பெரிது என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் சில எண்கள்

பூமியின் ஆரம் 6,400 கிலோமீட்டர், அதாவது 6.4 × 10⁶ மீட்டர். பூமியின் நிறை 6 × 10²⁴ கிலோகிராம். மேற்பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் 9.8 மீட்டர்/விநாடி². வகுப்பறைகளில் இதைச் சின்ன ஜி என்பார்கள், மதிப்பீட்டுக்கு 10 என்றே வைத்துக்கொள்ளலாம். ஈர்ப்பு மாறிலியான பெரிய ஜி 6.67 × 10⁻¹¹. நிலவு சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில், அதாவது பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு தள்ளி இருக்கிறது. அதன் நிறை பூமியில் 81இல் ஒரு பங்கு, ஆரம் கால் பங்குக்குச் சற்று மேல். சூரியனின் நிறை 2 × 10³⁰ கிலோகிராம், தூரம் 15 கோடி கிலோமீட்டர். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 × 10⁷ விநாடிகள்.

இவ்வளவு போதும். இவற்றை உருப்போட வேண்டாம், பயன்படுத்தினால் தானாக ஒட்டிக்கொள்ளும். இப்போதே ஒரு முறை பயன்படுத்திப் பாருங்கள். மேற்பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் = பெரிய ஜி × பூமியின் நிறை ÷ ஆரம்². மேலே 6.67 × 10⁻¹¹ × 6 × 10²⁴ = 4 × 10¹⁴. கீழே 6.4 × 10⁶இன் வர்க்கம் 4.1 × 10¹³. வகுத்தால் 9.8 வந்து நிற்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு லாபமும் உண்டு. பெரிய ஜி × பூமியின் நிறை என்பது சின்ன ஜி × ஆரம்² என்பதற்குச் சமம். ஆகவே பூமி சம்பந்தப்பட்ட பெரும்பாலான கணக்குகளில் அந்த 10⁻¹¹ஐயும் 10²⁴ஐயும் தொடவே வேண்டாம். இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில் 9.8ஐயும் ஆரத்தையும் போட்டால் வேலை முடிந்தது.

படம் வரைந்து மையத்தைக் குறியுங்கள்

ஈர்ப்பு விதியில் வரும் தூரம் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கும் தூரம். கேள்வியில் கொடுப்பதோ பெரும்பாலும் தரையிலிருந்து உயரம். தொடக்கநிலை மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி, அங்கிருந்து பொருள்வரை ஒரு கோடு, கோட்டின் மேல் நீளம். இதை வரையாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

சர்வதேச விண்வெளி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு? முதலில் ஊகம்: தரையிலிருந்து விலகிப் போயிருப்பதால் 9.8ஐவிடக் குறைய வேண்டும். ஆனால் 6,400இல் 400 என்பது சின்னப் பங்கு, ஆகவே கொஞ்சம்தான் குறைய வேண்டும். இப்போது கணக்கு. மையத்திலிருந்து தூரம் 6,800 கிலோமீட்டர். 6,400 ÷ 6,800இன் வர்க்கம் 0.89. அதை 9.8ஆல் பெருக்கினால் 8.7. ஊகத்தோடு பொருந்துகிறது. தூரமாக 400ஐ மட்டும் போட்டிருந்தால் 2,500 என்று வந்திருக்கும். உயரே போனால் ஈர்ப்பு 250 மடங்கு கூடுகிறது என்று அர்த்தமாகிவிடும். ஊகம் கையில் இருந்தால் அந்தத் தவறு அந்த வரியிலேயே பிடிபடும்.

இந்த விடை இன்னொன்றையும் தெளிவாக்குகிறது. விண்வெளி வீரர்கள் மிதப்பது அங்கே ஈர்ப்பு இல்லாததால் அல்ல, தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 விழுக்காடு அங்கேயும் இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் அதிகம் என்பதால், விழ விழப் பூமியின் வளைவைச் சுற்றிக்கொண்டே போகிறார்கள். தாங்கிப் பிடிக்கத் தரை இல்லாததால் எடை தெரிவதில்லை.

எண்களைக் கடைசியில் போடுங்கள்

கேள்வியைப் படித்தவுடன் எல்லா எண்களையும் சூத்திரத்தில் கொட்டிவிட வேண்டும் என்று கை துடிக்கும். அதை அடக்குங்கள். ஈர்ப்புக் கணக்குகளில் முக்கால்வாசி ‘பூமியோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு’ என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடும்.

அந்த நிலவுக் கணக்கையே பாருங்கள். ஈர்ப்பு முடுக்கம் நிறைக்கு நேர்விகிதத்திலும், ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கிறது. நிறை 81இல் ஒரு பங்கு என்பதால் முடுக்கம் 81ஆல் வகுபடும். பூமியின் ஆரம் நிலவின் ஆரத்தைப்போல் 3.67 மடங்கு, அதன் வர்க்கம் 13.5, ஆகவே முடுக்கம் 13.5ஆல் பெருகும். 13.5 ÷ 81 = 1/6. அதாவது 1.6 மீட்டர்/விநாடி². கிலோமீட்டரா மீட்டரா என்ற கவலைக்கே இங்கு இடமில்லை, ஏனென்றால் ஒரே அலகை ஒரே அலகால் வகுத்துவிட்டோம். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இறக்கிய பிரக்யான் ஊர்தியின் நிறை 26 கிலோகிராம். பூமியில் அதன் எடை 255 நியூட்டன், நிலவில் 42 நியூட்டன். நிறை இரண்டு இடத்திலும் அதே 26தான்.

தேர்வுகளில் விரும்பிக் கேட்கும் ஒன்று: ஒரு கோளின் ஆரம் பூமியைப்போல் இரண்டு மடங்கு, அடர்த்தி அதே, அங்கே ஈர்ப்பு முடுக்கம் என்ன? ஆரத்தை மட்டும் பார்த்து ‘கால் பங்கு’ என்று எழுதிவிடுவார்கள். ‘அடர்த்தி அதே’ என்ற சொற்களில்தான் கேள்வி ஒளிந்திருக்கிறது. ஆரம் இரட்டித்தால் பருமன் எட்டு மடங்கு, நிறையும் எட்டு மடங்கு. ஆரத்தின் வர்க்கம் நான்கு மடங்கு. எட்டை நான்கால் வகுத்தால் இரண்டு. அங்கே ஈர்ப்பு இரட்டிக்கிறது.

விகிதம் எவ்வளவு வலுவான கருவி என்பதற்கு நியூட்டனே சாட்சி. 1687இல் வெளியான பிரின்சிபியா என்ற தன் நூலில், மரத்திலிருந்து விழும் பொருளையும் வானத்து நிலவையும் ஒரே விசைதான் இழுக்கிறதா என்று அவர் சோதித்துக் காட்டினார். அந்தச் சோதனையை நீங்களும் பத்தே நிமிடத்தில் செய்யலாம். கட்டாயம் செய்யுங்கள், இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

நிலவு 60 ஆரத் தூரத்தில் இருக்கிறது. தரையில் நிற்பவர் மையத்திலிருந்து ஓர் ஆரத் தூரத்தில் இருக்கிறார். விசை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவது உண்மையானால், நிலவின் முடுக்கம் 9.8இல் 3,600இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். அதாவது 0.0027. இது ஒரு வழி. இனி ஈர்ப்பு விதியைப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, நிலவு எப்படி நகர்கிறது என்பதை மட்டும் பாருங்கள். அது பூமியைச் சுற்ற 27.3 நாள், அதாவது 2.36 × 10⁶ விநாடி ஆகிறது. வட்டப் பாதையில் முடுக்கம் = 4 × பை² × ஆரம் ÷ காலம்². 4 × பை² சுமார் 39.5. அதை 3.84 × 10⁸ஆல் பெருக்கி, 5.57 × 10¹²ஆல் வகுத்தால் மறுபடியும் 0.0027. சம்பந்தமே இல்லாத இரண்டு வழிகள் ஒரே எண்ணில் வந்து சேர்கின்றன. இங்கே ஒரு கல் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழுகிறது, நிலவு அதே ஒரு விநாடியில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகப் பூமியை நோக்கி விழுகிறது. பெரிய ஜி, பூமியின் நிறை, நிலவின் நிறை எதுவும் இந்தக் கணக்கில் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தெரியாததை மதிப்பிடுவது

மதிப்பீட்டுக் கேள்விகள் வந்தால் மாணவர்கள் திகைத்துப் போகிறார்கள். ‘வளிமண்டலத்தின் மொத்த நிறை என்ன’ என்று மட்டும் கேட்டுவிட்டு, வேறு எந்த எண்ணும் கொடுத்திருக்க மாட்டார்கள். இங்கே எதிர்பார்ப்பது துல்லியத்தை அல்ல. பத்தின் எந்தப் படியில் விடை நிற்கிறது என்பது தெரிந்தால் போதும்.

இந்தக் கலையில் பெயர் பெற்றவர் இயற்பியலாளர் என்ரிகோ பெர்மி. 1945 ஜூலை 16 அன்று நியூமெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது, அதிர்வலை வந்து தாக்கும் நேரத்தில் கையிலிருந்த காகிதத் துண்டுகளை நழுவவிட்டார். அவை சுமார் இரண்டரை மீட்டர் தள்ளிப் போய் விழுந்ததை வைத்து, குண்டின் ஆற்றல் பத்தாயிரம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம் என்று மதிப்பிட்டார். பிற்காலக் கணிப்புகள் அதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். காகிதத் துண்டுகளை மட்டும் வைத்துச் சரியான பத்தின் படிக்கு அருகே வந்துவிட்டார்.

முறை இதுதான். விடையை நேரடியாக ஊகிக்காதீர்கள். விடையை, உங்களால் ஊகிக்க முடிகிற துண்டுகளாக உடையுங்கள். ஒரு துண்டு தெரியவில்லை என்றால், கட்டாயம் இதைவிடப் பெரிது, கட்டாயம் இதைவிடச் சிறிது என்று இரண்டு எல்லைகளைப் போடுங்கள். எல்லைகள் 1, 100 என்று வந்தால் நடுவில் 50ஐ எடுக்காமல் 10ஐ எடுங்கள், அது இரண்டு பக்கமும் பத்து மடங்கு தள்ளி இருக்கிறது.

வளிமண்டலத்துக்கு வருவோம். காற்றின் உயரம், அதன் அடர்த்தி உயரத்தோடு எப்படிக் குறைகிறது என்று யோசிக்கத் தொடங்கினால் சிக்கிக்கொள்வீர்கள். வேறு பக்கத்திலிருந்து வாருங்கள். தரையில் காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 10⁵ நியூட்டன். அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? மேலே இருக்கும் காற்றின் எடைதான். 10⁵ நியூட்டன் எடை என்றால் 10⁴ கிலோகிராம் நிறை. ஆக ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலும் பத்து டன் காற்று நிற்கிறது. பூமியின் பரப்பு 4 × பை × ஆரம்², சுமார் 5 × 10¹⁴ சதுர மீட்டர். பெருக்கினால் 5 × 10¹⁸ கிலோகிராம். பூமியின் நிறையில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இன்றைய துல்லியமான கணிப்பும் இதையே ஒட்டியிருக்கிறது. உயரே ஈர்ப்பு குறையுமே என்று கேட்கலாம், நல்ல கேள்வி. காற்றில் பாதி முதல் ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவதாகச் சொல்லும்படி எதுவும் இல்லை.

பூமியின் நிறையையே கூட இப்படி மதிப்பிடலாம். நியூட்டனுக்குப் பெரிய ஜியின் மதிப்பு தெரியாது. ஆனால் மேற்பரப்புப் பொருள்கள் நீரைப்போல் இரண்டு மடங்கு கனம், சுரங்கங்களில் கிடைப்பவை மூன்று, நான்கு, ஐந்து மடங்குகூடக் கனம் என்பதை வைத்து, மொத்தப் பூமி நீரைப்போல் ஐந்து அல்லது ஆறு மடங்கு கனமாக இருக்கலாம் என்று எழுதினார். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1798இல் ஹென்றி கேவன்டிஷ் ஈயக் குண்டுகளுக்கு இடையிலான இழுப்பை முறுக்குத் தராசில் அளந்து கண்ட மதிப்பு சுமார் 5.45. இன்றைய மதிப்பு 5.51. பூமியின் பருமன் 1.1 × 10²¹ கன மீட்டர், அதைக் கன மீட்டருக்கு 5,500 கிலோகிராம் (நீரைப்போல் 5.5 மடங்கு) என்ற அடர்த்தியால் பெருக்கினால் நம்முடைய 6 × 10²⁴ வந்துவிடும். நீங்கள் பாறையை மட்டும் நினைத்து 3,000 போட்டிருந்தாலும் 3.3 × 10²⁴ வரும், பத்தின் படி மாறாது.

சிறிய எண்களுக்கும் ஓர் உதாரணம். தலா 60 கிலோகிராம் உள்ள இரண்டு பேர் ஒரு மீட்டர் இடைவெளியில் நின்றால் ஒருவரையொருவர் எவ்வளவு விசையோடு இழுப்பார்கள்? விசை = பெரிய ஜி × இரண்டு நிறைகளின் பெருக்கல் ÷ தூரம்². 60 × 60, அதாவது 3,600ஐ 6.67 × 10⁻¹¹ஆல் பெருக்கினால் 2.4 × 10⁻⁷ நியூட்டன். மனிதர்கள் புள்ளிகள் அல்ல என்பதால் இது தோராயம்தான். இரண்டரை மில்லிகிராம் கொசுவின் எடை இதைப்போல் நூறு மடங்கு. ஈர்ப்பு எவ்வளவு பலவீனமான விசை என்பது இந்த மாதிரி ஒப்பீட்டில்தான் மனசில் பதியும். வந்த எண்ணை ஏதாவது ஒரு தெரிந்த பொருளோடு வைத்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது

கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் கேட்கும் நேரத்தை வைத்து ஆழம் காண்பது பழைய கணக்கு. இரண்டு விநாடி என்றால் ஆழம் = பாதி × 9.8 × 2², ஏறக்குறைய 20 மீட்டர். உடனே ஒருவர் சத்தம் மேலே வர நேரம் ஆகுமே என்பார். சத்தத்தின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர், 20 மீட்டர் ஏற 0.06 விநாடி. அதைக் கழித்தால் ஆழம் ஒரு மீட்டர் அளவுக்குக் குறையும். சரி, ஆனால் கையால் நிறுத்தும் கடிகாரத்தில் 0.2 விநாடி முன்பின் ஆவது சாதாரணம். அந்தப் பிழை மட்டுமே ஆழத்தை நான்கு மீட்டர் அசைத்துவிடும். ஆகவே கேள்வி வெளிப்படையாகச் சத்தத்தைச் சேர்க்கச் சொன்னால் ஒழிய, இருபடிச் சமன்பாட்டில் இறங்க வேண்டாம். எந்தத் திருத்தத்தையும் செய்யும் முன் அது எவ்வளவு பெரியது என்று ஒரு வரியில் பார்த்துவிடுங்கள்.

சிறிய மாற்றங்களுக்கு ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. உயரம் பூமியின் ஆரத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால், ஈர்ப்பு குறையும் பங்கு = 2 × உயரம் ÷ ஆரம். 8.85 கிலோமீட்டர் உயர எவரெஸ்ட் சிகரத்துக்கு இது 0.0028. கீழே 60 கிலோ காட்டும் சுருள்வில் தராசு, உயரத்தை மட்டும் கணக்கில் கொண்டால், அங்கே சுமார் 170 கிராம் குறைத்துக் காட்டும்.

விடை வந்த பிறகு

முதலில் அலகு. பூமியிலிருந்து விடுபடும் வேகம் = (2 × சின்ன ஜி × ஆரம்) என்பதன் வர்க்கமூலம். உள்ளே மீட்டர்²/விநாடி² இருக்கிறது, வர்க்கமூலம் எடுத்தால் மீட்டர்/விநாடி. வேகம்தான், சரி. வர்க்கமூலத்தை மறந்திருந்தால் அலகே காட்டிக்கொடுத்திருக்கும். எண்களைப் போட்டால் விநாடிக்கு 11.2 கிலோமீட்டர்.

அப்புறம் எல்லைகள். தூரத்தை மிகப் பெரிதாக்கினால் விசை சுழியை நோக்கிப் போகிறதா? உயரத்தைச் சுழியாக்கினால் 9.8 திரும்ப வருகிறதா? நீங்களே வருவித்த சூத்திரம் இந்த இரண்டில் ஒன்றில் தவறினால், எங்கோ ஒரு குறி மாறியிருக்கிறது.

கையால் போடும்போது எண்களைத் தனியாகவும் பத்தின் படிகளைத் தனியாகவும் எழுதிக் கூட்டிக் கழியுங்கள். கணிப்பானில் போடுகிறீர்கள் என்றால், படிக்கென்று இருக்கும் பொத்தானுக்கு முன்னால் மறுபடி 10ஐப் பெருக்கிவிடாதீர்கள், விடை பத்து மடங்கு ஏறிவிடும். கேள்வியில் இரண்டு இலக்கத் துல்லியம் கொடுத்திருந்தால் 8.6810 என்று எழுதுவதில் பொருளில்லை, 8.7 போதும்.

போட்டுப் பாருங்கள்

செவ்வாயின் நிறை பூமியில் 0.107 பங்கு, ஆரம் 0.53 பங்கு. விகித முறையில் ஈர்ப்பு முடுக்கம் 3.7 வர வேண்டும். வியாழனின் நிறை 318 மடங்கு, ஆரம் 11.2 மடங்கு. அதன் மேகப் பரப்பில் ஈர்ப்பு பூமியைப்போல் வெறும் இரண்டரை மடங்குதான் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும், ஏன் என்று ஆரத்தின் வர்க்கத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.

சூரியன் நம்மை இழுப்பது நிலவு இழுப்பதைப்போல் எத்தனை மடங்கு? மேலே உள்ள எண்களை வைத்துப் போட்டால் 180ஐ ஒட்டி வரும். அப்படியானால் கடல் ஓதங்களில் நிலவின் கை ஏன் ஓங்கியிருக்கிறது? ஓதத்தை உண்டாக்குவது மொத்த இழுப்பு அல்ல, பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள இழுப்பு வித்தியாசம். அது தூரத்தின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் குறையும். சூரியன் நிலவைவிட 390 மடங்கு தூரம் என்பதால் 180ஐ 390ஆல் வகுங்கள். சூரியனின் ஓதம் நிலவினுடையதில் பாதிக்கும் குறைவு.

கடைசியாக, பூமியைச் சரியாக ஒரு நாளில் சுற்றும் செயற்கைக்கோள் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் இந்தப் பாதையில்தான் நிற்கின்றன. பெரிய ஜியைத் தேட வேண்டாம், ஏற்கெனவே நமக்கு ஒரு துணைக்கோள் தெரியும். நிலவு 60 ஆரத் தூரத்தில் 27.3 நாளில் சுற்றுகிறது. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி காலத்தின் வர்க்கம் தூரத்தின் மூன்றாம் படிக்கு நேர்விகிதம். 27.3இன் கனமூலம் 3, அதன் வர்க்கம் 9, கொஞ்சம் கூட. 60ஐ அதால் வகுத்தால் 6.6 ஆரம், அதாவது மையத்திலிருந்து சுமார் 42,000 கிலோமீட்டர். பூமியின் ஆரத்தைக் கழித்தால் தரையிலிருந்து ஏறக்குறைய 36,000. உண்மையான உயரம் 35,786 கிலோமீட்டர்.